பற்றுக் கணக்கு: இருண்ட உலகில் மந்திரத்துக்கு விலை வைப்பது எப்படி

மேலூரில் நண்பர்கள் நால்வரைக் கூட்டி, மந்திரம் அரிதாகவும் அஞ்சத்தக்கதாகவும் இருக்கும் ஓர் இருண்ட கற்பனை நாட்டில், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்திவருவதாக எழுதியிருக்கிறீர்கள். மந்திரம் போடுகிறவர் இருபதுமுகப் பகடையை உருட்டும்போது 1 விழுந்தால் உடலில் ஒரு சிதைவு வந்துசேரும் என்று விதி வைத்து, அதற்கென நாற்பது வரிப் பட்டியல் ஒன்றும் தயாரித்திருக்கிறீர்கள். விளைவோ நீங்கள் எண்ணியதற்கு மாறாக இருக்கிறது. ஒருவர் அந்தப் பட்டியலுக்குப் பயந்து ஆறு மாதமாக ஒரு மந்திரமும் போடவில்லை; இன்னொருவர் செதில் தோல், ஆட்டுக் கொம்பு, மூன்றாவது கண் என்று கிடைத்ததையெல்லாம் பரிசுபோலச் சேர்த்துக்கொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்கிறார். மந்திரம் இருவரையும் அச்சுறுத்தவும் வேண்டும், இருவரையும் இழுக்கவும் வேண்டும். அதற்கு என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

பட்டியலை இன்னும் பயங்கரமாக எழுதுவதால் இது தீராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபதில் ஒன்று என்பது 5 சதவீத வாய்ப்பு. ஒருவர் 14 முறை மந்திரம் போட்டால், ஒருமுறையாவது 1 விழுந்திருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். கணக்குப் பார்க்கிறவர் ஒதுங்குகிறார். சூது பிடித்தவர் போட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் அவர்கள் கையில் கொடுத்திருப்பது லாட்டரிச் சீட்டு என்பதால் இருவருமே சரியாகத்தான் ஆடுகிறார்கள். விளக்கேற்றப் போட்ட மந்திரத்துக்கும் ஊரைக் கொளுத்தப் போட்ட மந்திரத்துக்கும் அதே 1, அதே கொம்பு. வழுக்கி விழுந்து கால் உடைந்தவனை யாரும் கெட்டுப்போனவன் என்று சொல்வதில்லை. கெட்டுப்போவதற்கு ஒருவன் தெரிந்தே ஒன்றைச் செய்ய வேண்டும், அதையே மறுபடியும் செய்ய வேண்டும், இரண்டாம் முறை செய்யும்போது முதல் முறை நடுங்கிய கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

இதற்கு நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உவமை கந்துவட்டி. அதைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் காய்கறி வியாபாரிக்கு வட்டியின் கணக்கு தெரியாமல் இல்லை; சரக்கு எடுக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பது அதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. கடன் கொடுப்பவர் மறுப்பதில்லை. பணம் உடனே கைக்கு வருகிறது. ஆபத்து வாங்கும்போது இல்லை, வசூலுக்கு ஆள் வரும்போது இருக்கிறது; அந்த ஆள் கடைக்கு வருவதோடு நிற்பதில்லை, வீட்டு வாசலுக்கும் வருகிறார், அக்கம்பக்கத்தார் பார்க்கும்படி நிற்கிறார். உங்கள் மந்திரத்தையும் இப்படியே அமையுங்கள் என்பதுதான் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கேட்டால் கிடைக்க வேண்டும், தவறாமல் கிடைக்க வேண்டும், விலை என்ன என்பது கை நீட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எந்த நாளில் வசூலுக்கு வரும் என்பது மட்டும் தெரியக் கூடாது.

வெளிவந்திருக்கும் ஆட்டங்கள் சிலவற்றில் இந்தச் சிந்தனையின் பகுதிகள் இருக்கின்றன. வார்ஹாமர் ஃபேண்டஸி ரோல்பிளேயின் 2005ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், மந்திரவாதி எத்தனை பத்துமுகப் பகடைகளை உருட்டுவது என்பதைத் தன் ஆற்றலின் எல்லைக்குள் தானே தேர்ந்துகொள்கிறார். ஒரே எண் இரண்டு பகடைகளில் விழுந்தால் சிறிய கேடு, மூன்றில் விழுந்தால் பெரிய கேடு, நான்கில் விழுந்தால் பேரழிவு. இரண்டு பகடைகளில் எண் பொருந்தும் வாய்ப்பு 10 சதவீதம், மூன்று பகடைகளில் ஏதேனும் இரண்டு பொருந்தும் வாய்ப்பு 28 சதவீதம், நான்கில் ஏறக்குறைய 50 சதவீதம். பேராசைக்குத் தக்கபடி ஆபத்து ஏறுவதால், உங்கள் இருபதுமுகப் பகடையைவிட இது எவ்வளவோ நேர்மையானது. 2012இல் வந்த டஞ்சன் க்ரால் கிளாசிக்ஸில் உங்கள் பட்டியலைப் போன்ற சிதைவுகளும் உண்டு. ஆனால் அதில் என்னை ஈர்த்தது வேறொன்று. மந்திரவாதி தன் வலிமையிலும் சுறுசுறுப்பிலும் உடலுறுதியிலும் இருந்து புள்ளிகளைத் தானே எரித்து மந்திரத்துக்கு ஏற்றலாம். எரித்தது பின்னர் நாளுக்கு ஒன்றாகத்தான் திரும்பும். அங்கே ஆட்டக்காரர் தன் கையாலேயே தன்னைக் குறைத்துக்கொள்கிறார். 1991இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வெளிவந்த டார்க் சன் உலகில் விலையைக் கட்டுவது மந்திரவாதியே அல்ல, சுற்றியுள்ள நிலம். அவன் கட்டுப்பாடின்றிச் சக்தியை இழுக்கும்போது செடிகொடி கருகி மண் சாம்பலாகிறது. வானம் பார்த்த பூமியில் பிறந்த யாருக்கும் இந்தக் கடைசி எண்ணம் விளக்கம் இல்லாமலே புரியும்.

ஆனால் என் ஆட்டத்துக்கான விதியை நான் கண்டெடுத்தது இந்த நூல்களில் அல்ல, மதுரையைச் சுற்றி வழங்கும் கதைகளில். அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பைப் பற்றி நீங்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துசெல்ல வந்தார்கள். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக் கண்ணில் மை பூசியிருந்தார்கள். சூடான உணவின் ஆவி பட்டு மை கரைந்ததும் பிடிபட்டார்கள். படிக்கு ஒருவராகப் புதைக்கப்பட்டார்கள். அவர்களோடு துணைக்கு வந்த கருப்பு அழகரின் அழகில் மயங்கி அங்கேயே காவலாக நின்றுவிட்டார் என்பது கதை. மந்திரம் வேண்டிய அளவுக்கு மட்டும் இருக்கும் ஓர் உலகத்தை இதைவிடச் சிறப்பாக யாரும் வரைந்துவிட முடியாது. இதில் வானத்திலிருந்து நெருப்பு விழவில்லை. இருப்பதெல்லாம் கண்ணில் ஒரு துளி மை, அதைக் கரைக்கச் சோற்றின் ஆவி. மேலும் அவர்களோடு வந்த சக்தி அவர்களுடையதாகக் கடைசிவரை இருக்கவில்லை. யாரை நம்பிப் பதினெட்டுப் பேர் கிளம்பினார்களோ, அவர்தான் இன்று அவர்கள் புதைந்த படிகளுக்குக் காவல். உங்கள் உலகத்தில் மந்திரத்தைக் கொடுக்கும் சக்திக்கும் இப்படி ஒரு தனி விருப்பம் இருக்கட்டும். அது ஆட்டக்காரரின் பையில் கிடக்கும் கருவியாக இருக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் படிகளில் இன்றும் மக்கள் சத்தியம் செய்கிறார்கள். உங்கள் நால்வரில் ஒருவருக்குக் கருப்பு குலதெய்வமாக இருக்கக்கூடும். கதையின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், தெய்வத்தின் பெயரை எடுத்து ஒரு பூதத்துக்குச் சூட்டாதீர்கள். அதேபோலக் கோடாங்கியையும் குறிசொல்லும் பெண்ணையும் உங்கள் உலகத்தின் தீய மந்திரவாதிகளாக வைக்காதீர்கள். சூனியம் வைத்தாள் என்ற ஒரு சொல்லால் ஊரைவிட்டு விலக்கப்படும் மனிதர்கள் கற்பனைக் கதைகளில் மட்டும் இருப்பவர்கள் அல்லர்.

யாரை மந்திரவாதி என்கிறோம் என்ற கேள்வியை மதுரையின் மலைகளே எழுப்புகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், பாண்டியனை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ஏவிய யானை யானைமலையாகவும், பாம்பு நாகமலையாகவும், மாயப்பசு பசுமலையாகவும் கிடக்கின்றன. முறிந்துபோன மந்திரம் மலையாக நின்று, ஊர் இன்றைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறது என்பது எந்த ஆட்டநூலும் எனக்குக் கொடுக்காத காட்சி. ஆனால் அதே யானைமலையிலும், நாகமலைக்கு அருகிலுள்ள சமணர் மலையிலும் ஏறிப் பார்த்தால், பாறையில் அமைதியாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் உருவங்களைத்தான் காண்கிறோம். சூனியக்காரர் என்ற கதை, அவர்களை எதிர்த்து நின்ற தரப்பு சொன்ன கதை. உங்கள் உலகத்தில் மந்திரத்துக்கு அஞ்சும் மக்கள் இருந்தால், அந்த அச்சத்தை யார் வளர்த்தார்கள், அதனால் யாருக்கு நிலம் கிடைத்தது என்பதையும் எழுதிவையுங்கள்.

இனி விதி. இதற்கு வேர் கண்ணகி. அவள் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எரிக்கும் முன் தீக்கடவுளுக்கு அவள் சொன்ன கட்டளையை அவ்வளவாக நினைப்பதில்லை. அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் என்று தொடக் கூடாதவர்களை அவள் வரிசையாகச் சொன்ன பிறகே தீயை அனுப்புகிறாள். அத்தனை கோபத்திலும் அவளுக்கு விலக்குச் சொல்ல நினைவிருந்தது. அந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது: ஒருவர் மந்திரத்தால் எவ்வளவு கெட்டிருக்கிறார் என்பதற்கு அளவுகோல் அவர் தலையில் முளைக்கும் கொம்பு அன்று, அவர் சொல்லாமல் விட்ட விலக்கு.

மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் நான் நடத்தும் ஆட்டத்தில் மந்திரவாதி ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நோட்டு இருக்கும். அதன் முதல் பக்கத்தில் அந்தப் பாத்திரத்தை மனிதராக வைத்திருக்கும் ஏழு பிணைப்புகளை ஆட்டக்காரரே ஆட்டம் தொடங்கும் முன் எழுத வேண்டும்: ஒரு மனிதர், ஒரு இடம், ஒரு வாசனை, ஒரு பழக்கம், எதுவானாலும். இரண்டாம் பக்கம் பற்றுக் கணக்கு, அதாவது மந்திரத்துக்குப் பட்ட கடனின் கணக்கு. மந்திரம் எப்போதும் பலிக்கும். பலிக்குமா என்று பகடை உருட்டுவதே இல்லை. சிறியதற்கு 1 பற்று, பெரியதற்கு 2, ஊரையே மாற்றக்கூடியதற்கு 3 என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அந்த மந்திரம் யாரையெல்லாம், எதையெல்லாம் தொடும் என்பதையும் சொல்வேன். ஆட்டக்காரர் விரும்பினால் விலக்குச் சொல்லலாம். ஒவ்வொரு விலக்குக்கும் கூடுதலாக 1 பற்று. ஆட்ட உலகில் பொழுது சாயும்போதெல்லாம் பற்று வைத்திருப்பவர் ஒரு பத்துமுகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண் பற்றுக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் அன்று வசூல். பற்று 3 என்றால் 30 சதவீதம், 8 என்றால் 80. வசூலின்போது ஏழு பிணைப்புகளில் ஒன்றை ஆட்டக்காரர் தானே தேர்ந்து கோடு போட்டு அடிக்க வேண்டும். பற்றில் குறைவதோ ஒன்றே ஒன்று. ஏழும் அடிபட்டுவிட்டால் அந்த நோட்டு என்னிடம் வந்துவிடும், பாத்திரமும் என்னுடையதாகிவிடும்.

எழுத்தில் இது வெறும் கணக்காகத் தெரியும். ஆடும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எங்கள் ஆட்டத்தில் மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். அவளை ஆடியவர் எதையும் நிதானித்துச் செய்கிற பெண். கொள்ளைக் குதிரைப்படை ஒன்று இரவில் கண்மாய்க் கரைக்குக் கீழே வந்து நின்றது. விடிந்தால் ஊருக்குள் நுழைந்துவிடும். கண்மாய்க் கரையை உடைக்கும் மந்திரம் அவளுக்குத் தெரியும். அதன் விலை 2. ஏற்கெனவே பற்றில் 4 இருந்தது. தண்ணீர் பாயும் வழியில் என்னென்ன இருக்கின்றன என்று சொன்னேன்: வலை போட்டுவிட்டுக் கரையடியில் தூங்கும் சிறுவர்கள், கீழத்தெரு, வயலில் கிடை போட்டிருக்கும் ஆடுகள், கதிர் முற்றிய நெல். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிறுவர்களுக்கும் கீழத்தெருவுக்கும் விலக்குச் சொன்னார். மொத்தம் 8. ஆடும் நெல்லும் போகட்டும் என்று ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

குதிரைப்படை அழிந்தது. மறுநாள் காலையில் ஆடு மேய்க்கும் கீதாரி சேற்றில் நடந்து செத்த ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவரை நான் எதுவும் பேசவைக்கவில்லை; எண்ணி முடித்துவிட்டு மருத்துவச்சியைப் பார்த்தார் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை வசூல். மருத்துவச்சியை ஆடியவர் அடித்தது, "தங்கை என்னைக் கூப்பிடும் விதம்" என்ற வரி. இரண்டு அமர்வுகள் கழித்து மருத்துவச்சி வீடு திரும்பியபோது, கதவைத் திறந்த தங்கை, "வாங்க, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்றாள். "ஏய், வந்துட்டியா" என்று கேட்க வேண்டிய வாய் மரியாதையாகப் பேசியது. மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தமிழில் அந்நியரிடமும் உறவிடமும் பேசும் பேச்சு வேறுவேறாக இருப்பது நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் வசதி. இழப்பைக் காட்ட அதைப் பயன்படுத்துங்கள்.

அதைவிட என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்தது. மூன்று பிணைப்புகள் அடிபட்டிருந்த நிலையில் அதே மருத்துவச்சி இன்னொரு பெரிய மந்திரத்தைக் கேட்டாள். வழக்கம்போல யார் யாரைத் தொடும் என்று சொல்லிவிட்டு, விலக்கு உண்டா என்றேன். "வேண்டாம்" என்றார் அந்தப் பெண், நோட்டைப் பார்த்துக்கொண்டே. பற்று ஏறினால் இன்னொரு வரி போய்விடும் என்ற கணக்கு அவருக்கு. தன் அன்பில் மிஞ்சியதைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் பிள்ளைகளை அவர் விட்டுக்கொடுத்தார். கொம்பும் முளைக்கவில்லை, செதிலும் வரவில்லை. சீரழிவு என்ற சொல்லுக்கு இதுதான் பொருள் என்று நான் நினைக்கிறேன். பகடையில் விழும் 1 இதைக் கொண்டுவர முடியாது.

உங்கள் பயந்த நண்பருக்கு வருவோம். விலை முன்பே தெரிந்துவிட்டால் அவருடைய அச்சத்தில் பாதி தீரும். மீதிக்கு, வேறு எதனாலும் செய்ய முடியாத சிறிய காரியங்களை மந்திரத்துக்குக் கொடுங்கள்: காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் சூட்டை இறக்குவது, இறந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, வற்றிய ஊரில் ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுவது. வில் செய்யும் வேலையை மந்திரமும் செய்தால் யாரும் கடன் வாங்கமாட்டார்கள், வாங்கவும் தேவையில்லை. காய்ச்சல் குழந்தையின் தாய் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, விலை 1 பற்று என்று நீங்கள் சொல்லும்போது அவர் எப்படி ஒதுங்குகிறார் என்று பாருங்கள்.

கொம்புக்காரர் விஷயம் சற்று வேறு. அவருடைய கொம்பை இதுவரை பார்த்தவர்கள் மேசையைச் சுற்றியிருக்கும் நண்பர்கள் மட்டுமே. அவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். ஆட்ட உலகத்து மக்கள் அதைப் பார்க்கட்டும். சத்திரத்தில் இடம் இல்லை என்பார்கள். நாவிதர் கத்தியை எடுக்கமாட்டார். கிணற்றடிப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கொம்பினால் சண்டையில் கிடைக்கும் கூடுதல் புள்ளி ஏதாவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்; பலன் தருகிற சிதைவை யாரும் சிதைவாக எண்ணமாட்டார்கள். அதோடு, அவரிடம் தனியாக உட்கார்ந்து, அவர் விரும்புவது வேடிக்கையான ஆட்டமா, கனமான ஆட்டமா என்று நேரடியாகக் கேளுங்கள். வேடிக்கைதான் வேண்டும் என்றால் அதில் தவறில்லை, அவருக்கு மந்திரம் இல்லாத பாத்திரம் ஒன்றைக் கொடுங்கள். எல்லோரிடமும் எந்த இழப்புகளைத் தொடக் கூடாது என்றும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் தாயை இழந்தவரிடம் தாய் என்ற வரியை எழுதச் சொல்வது கொடுமை.

பழைய பட்டியலை வீசிவிட வேண்டாம். கொம்புக்காரரிடம் இருக்கும் மூன்று சிதைவுகளைப் பற்றுக் கணக்கில் 3 என்று ஏற்றிவிட்டு, வரும் அமர்வில் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன் வையுங்கள். ஐந்தாறு வரிகளை வேகமாக எழுதிவிடுவார். ஏழாவது வரியில் பேனா நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். அவர் எழுதி முடிக்கும்வரை ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருங்கள்.